உள்ளேரியில் எதுவும் அசையவில்லை

பிப்ரவரி 9, திங்கள்

காலை ஏழு மணிக்கு மேல் எங்கள் ஹில் வியூ அடுக்ககத்தில் ஓர் அசைவு ஏற்பட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். அப்போது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகம் இடமும் வலமுமாகப் போய் வந்தது. எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தராசு முள் மயிரிழை ஆடினாலும் கண்டுபிடிப்பவன். ஆடுவது கண்ணாடியா நானா என்று தீர்மானிப்பதற்குள் ஹாலில் மின்விசிறி கோயில் மணி மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் உடனே கீழே இறங்கி நிலைமையை மேற்பார்வையிட்டேன். ஏழாம் மாடியிலிருந்து இறங்கியவர்களில் நானே முதல்வன். வழியில் ஆறு, ஐந்து, நான்காம் மாடிக்காரர்களையும் முந்திவிட்டேன். பொறுப்பில் இருப்பவன் முன்னால் நிற்க வேண்டும். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை இருந்ததையும், கையில் டிவி ரிமோட் இருந்ததையும் சிலர் தேவையில்லாமல் கவனித்திருக்கிறார்கள்.

இறங்கும்போது யாரோ "தணிகாசலம்! தணிகாசலம்!" என்று கூப்பிட்டது போல் இருந்தது. பெண் குரல். இந்தக் கட்டடத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிற பெண் யாரும் இல்லை. ஆகவே நிற்கவில்லை.

என் மனைவி கோமளா சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தாள். எட்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜுலைகா என்ற பெண் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கோமளாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நைட்டிக்கு மேல் ஜுலைகாவின் துப்பட்டா.

"குளிக்கிறதுக்கு இந்த நேரம்தான் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

அவள் ஜுலைகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதற்றமாக இருக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அந்தமானுக்கு அப்பால் கடலுக்கடியில் நிலநடுக்கமாம். சென்னையில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லையாம். பரங்கிமலை அடிவாரத்தில் இருக்கும் என் தம்பிக்கு போன் செய்தேன். "இங்க ஒண்ணும் இல்லையேண்ணே. உனக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துடுச்சா?" என்றான்.

சங்கத் தலைவர் குலசேகரன் மாலையில் வந்தார். இந்தக் கட்டடத்தில் அவருக்கு மூன்று வீடுகள். இரண்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.

"சார், நிலநடுக்கம்கிற வார்த்தை நம்ம வாட்ஸ்அப் குரூப்ல வரவே கூடாது."

"வேற என்னன்னு போடறது?"

"அதிர்வு." கொஞ்சம் யோசித்தார். "அதுவும் வேணாம். உணர்வுன்னு போடுங்க."

அப்படியே போட்டேன். 'நேற்றுக் காலை சிலருக்கு ஏற்பட்ட உணர்வு குறித்து யாரும் கவலைப்பட வேண்டாம்.' மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், தனக்கு அந்த உணர்வு திருமணமான நாளிலிருந்து இருப்பதாகப் பதில் போட்டிருந்தார். நீக்கினேன்.

குலசேகரன் கவலையும் நியாயம்தான். வேளச்சேரிக்கு அப்பால் இருக்கிற இந்த இடத்துக்குப் பழைய பெயர் உள்ளேரி. ஏரிக்கு உள்ளே என்று அர்த்தம். வீடு பார்க்க வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறார்கள். இதை 'ஹில் வியூ நகர்' என்று மாற்றச் சொல்லிச் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. பொய்யில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் பரங்கிமலை தெரியும்.

பிப்ரவரி 12, வியாழன்

உணர்வின் காரணத்தை ஆராய நானும் குலசேகரனும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. முதலில் பின்தெருவுக்குப் போனோம். அங்கே எல்லாம் தாழ்வான ஓட்டு வீடுகள். எங்கள் மதில் சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கும் முனியம்மா அன்று காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தாராம். "மாவுகூட ஆடலையே சாமி. நீங்கதான் எல்லாரும் திபுதிபுன்னு கீழே வந்து நின்னீங்க. யாரோ போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஆக நிலநடுக்கம் இல்லை என்பது உறுதியானது. பூமி ஆடினால் எல்லோருக்கும்தான் ஆட வேண்டும். மதில் சுவரைப் பார்த்து நின்றுவிடாது.

பிறகு நான்காம் மாடி பரிமளம் தினமும் காலையில் ஸ்கிப்பிங் ஆடுவது தெரியவந்தது. விளக்கம் கேட்டோம். "நான் நாற்பத்தெட்டு கிலோ சார். நான் குதிச்சா இந்தக் கட்டடம் ஆடுமா?" என்றார். முன்னாள் எடை அதிகாரி என்ற முறையில் எனக்கும் அது இடித்தது. ஆனால் வேறு யாரும் கிடைக்கவில்லை. ஸ்கிப்பிங் தடை செய்யப்பட்டது.

பிப்ரவரி 14, சனி

குளியலறைக் கதவு சரியாக மூடவில்லை என்று ஏகாம்பரம் ஆசாரியை வரவழைத்தேன். தடவிப் பார்த்தார்.

"நிலை கோணிப்போச்சு சார். அதான் கதவு இறுகியிருக்கு. யாரோ வெளியில இருந்து தோளால இடிச்சுத் திறந்திருக்காங்க. தாழ்ப்பாள் பிய்ஞ்சு வந்திருக்கு பாருங்க. நீங்களா சார்?"

ஆம் என்பது போல் தலையசைத்தேன். எல்லாவற்றையும் ஆசாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சமையலறையில் பெரிய சத்தம். உணர்வு எதுவும் இல்லை. கோமளா பாத்திரத்தைப் போட்ட சத்தம்தான்.

பிப்ரவரி 16, திங்கள்

கோமளா என்னிடம் பேசுவதில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, தொண்டைக்கட்டாக இருக்கலாம். எட்டாம் மாடி ஜுலைகாவிடம் மட்டும் தொண்டை நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பெண் ஏதோ பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பாடம் நடத்துகிறாள். கணவர் கப்பல் வேலையில் இருக்கிறார்.

சங்க அலுவலகம் கீழே கார் நிறுத்தும் தளத்தில் இருக்கிறது. கோப்புகளை எலி கடிப்பதால் சில நாட்கள் இரவில் அங்கேயே படுத்துக் காவல் இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். தாகத்துக்குத்தான். டம்ளருக்குப் பக்கத்தில் என் பழைய ரசமட்டமும் இருக்கிறது. அதில் குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்தால் தூக்கம் நன்றாக வருகிறது. பழக்கதோஷம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மதியம் ஜுலைகா நோன்பு திறக்கச் செய்த கடல்பாசியை ஒரு பெரிய தட்டோடு எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். வெள்ளை வெளேரென்று பாலில் செய்து, ஜெல்லி மாதிரி உறையவைத்தது.

"ஆன்ட்டி கேட்டாங்க, ஏன் நமக்கு மட்டும் ஆடிச்சுன்னு. சாரும் பார்க்கட்டும்" என்றாள்.

தட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "இந்த மேசைதான் பாறை சார். பரங்கிமலைன்னு வச்சுக்குங்க. தட்டுல இருக்கறது நம்ம உள்ளேரிக் களிமண்." மேசையை முஷ்டியால் லேசாகத் தட்டினாள். மேசையில் ஒன்றுமே தெரியவில்லை. கடல்பாசி குலுங்கியது. அவள் கையை எடுத்த பிறகும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்து இரண்டு ஊதுவத்திக் குச்சிகளைக் கடல்பாசியில் நட்டாள். ஒன்று முழுசு, ஒன்று ஒடித்த துண்டு. இரண்டின் உச்சியிலும் ஒரு உலர்திராட்சை. தட்டைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். துண்டுக் குச்சி சாதுவாக நின்றது. நெட்டைக் குச்சி வளைந்து வளைந்து ஆடியது.

"குட்டையா இருக்கறது முனியம்மா வீடு. நெட்டை நம்ம கட்டடம்" என்றாள். "ரொம்ப தூரத்துல நடந்த நிலநடுக்கம் சார். வெடுக்கு வெடுக்குன்னு வர்ற ஆட்டமெல்லாம் வழியிலேயே அடங்கிடும். மெதுவான நீள அலைதான் இவ்வளவு தூரம் வரும். பாறை அதை வந்த மாதிரியே அனுப்பிடும். களிமண் அதை வாங்கிப் பெருசாக்கும். களிமண்ணுக்குன்னு ஒரு ஆட்ட வேகம் இருக்கு, கட்டடத்துக்கும் ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடற கதைதான்."

"கிட்டத்துல வந்தா என்னம்மா ஆகும்?" என்று கோமளா கேட்டாள். அவளிடம்தான் கேட்டாள்.

"அப்ப ஓட்டு வீடும் தப்பாது ஆன்ட்டி. நம்ம கட்டடத்துக்கு அஸ்திவாரத் தூண் களிமண்ணைத் தாண்டி கெட்டித் தரை வரைக்கும் போயிருக்கான்னு யாருக்கும் தெரியல. அதைப் பார்க்கணும். அதோட, கார் நிறுத்தற தளத்துல சுவரே இல்லை, வெறும் பில்லர். மேல எட்டு மாடி உட்கார்ந்திருக்கு. பெருசா ஆடினா முதல்ல மடங்கறது அந்தத் தளம்தான்."

"சங்க அலுவலகம் அங்கேதானே இருக்கு?" என்றேன்.

"ஆமா சார். ராத்திரி நீங்க அங்கதான் படுக்கறீங்களாமே."

கோமளா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் போலிருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலநடுக்கம் பற்றிக் கருத்துச் சொல்லச் சங்க விதிகளில் இடமில்லை என்பதைப் பணிவுடன் எடுத்துச் சொன்னேன். கோமளா ஜுலைகாவிடம், "வீட்டுப் பத்திரம் என் பேர்லதான் இருக்குன்னு சார்கிட்ட சொல்லும்மா" என்றாள்.

களிமண்ணில் ஒரு துண்டை வெட்டிச் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஜுலைகா நோன்பு என்பது இரண்டாவது துண்டில்தான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

எலித்தொல்லை முற்றிலும் ஒழிந்துவிட்டது. இன்று முதல் வீட்டிலேயே படுக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

மாடிப்படிச் சுவரில் உத்தரத்திலிருந்து கீழ்நோக்கி நீளமாக ஒரு விரிசல். குலசேகரன் வீட்டைப் பார்க்க இன்று ஆட்கள் வந்ததால் அதன்மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டினோம். விரிசல் காலண்டருக்குக் கீழேயும் நீண்டது. ஒரு சரஸ்வதி மாட்டினோம். அதற்கும் கீழே ஒரு நகைக்கடை. வந்தவர்களில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

கட்டடத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து கோமளாவுடையது. எட்டாம் தேதி பொதுக்குழு.

குலசேகரன் என்னைத் தனியாக அழைத்தார். "பரிசோதனைன்னு ஆரம்பிச்சாலே ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி சார். இல்லாத வியாதியெல்லாம் வரும். நீங்க எந்திரிச்சு, 'நான் அளவு அதிகாரியா இருந்தவன், அன்னைக்கு வீட்லதான் இருந்தேன், எதுவும் அசையலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். உங்க பேச்சுக்குத்தான் மதிப்பு."

மதிப்பு இருப்பது உண்மைதான்.

மார்ச் 8, ஞாயிறு

பொதுக்குழு மொட்டை மாடியில் பந்தல் போட்டு நடந்தது. கூட்டம் நிறைய. பின்வரிசையில், ஓட்டுப் போட முடியாத நாற்காலிகளில் ஜுலைகா முதலானோர்.

நான் எழுந்து என் அறிக்கையை வாசித்தேன். "ஒன்பதாம் தேதி காலை நான் என் இல்லத்தில் இருந்தேன். என் அனுபவத்தில், எந்தவித அசைவும் ஏற்படவில்லை என்று உறுதியாகக் கூறுகிறேன்." குலசேகரன் கை தட்டினார்.

கோமளா எழுந்தாள். முழங்கால் வலியோடு ஏறி வந்திருந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"எதுவும் அசையலைன்னா இவர் ஏன் பாதி சவரத்தோட கீழே ஓடினார்னு கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் குளிச்சிட்டு இருந்தேன். தண்ணி வாளியில இருந்து தானா வழியுது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. சுவரைப் பிடிச்சா சுவரும் போகுது. கதவைத் திறக்கப் பார்த்தேன், வரலை. தட்டினேன். ஏங்கன்னு கூப்பிட்டேன். வாசக் கதவு திறக்கிற சத்தம் கேட்டுது. சரி, ஆளைக் கூட்டிட்டு வரப் போறார்னு நினைச்சேன். அப்புறம் செருப்புச் சத்தம் படியில இறங்கிப் போகுது. கல்யாணம் ஆனதுல இருந்து நான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்னைக்குக் கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

பந்தல் துணி காற்றில் படபடத்தது.

"அந்தப் பொண்ணு எட்டாவது மாடியில இருந்து இறங்கினவ, திறந்து கிடந்த வீட்டுக்குள்ள வந்து கதவை இடிச்சுத் திறந்தா. அவ தோள் இன்னும் கன்னிப்போய் இருக்கு. அவளுக்கு இங்க பேச உரிமை இல்லையாம். அதனால நான் பேசறேன். அசைஞ்சுது. நல்லா அசைஞ்சுது. நம்ம காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தோண்டிப் பாருங்க."

முதலில் பரிமளம் எழுந்து நின்றார். "எனக்கும் அசைஞ்சுது. நான் அன்னைக்கு ஸ்கிப்பிங்கே ஆடலை" என்றார். பிறகு வரிசையாக எழுந்தார்கள். ஒருவர் கட்டிலோடு நகர்ந்தாராம். ஒருவர் வீட்டில் மீன் தொட்டி வழிந்து மீன் சோபாவில் கிடந்ததாம். இத்தனை பேரும் ஒரு மாதமாக உணர்வு என்றே சொல்லிக்கொண்டு, அவரவர் வீட்டு விரிசலுக்கு அவரவர் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

பரிசோதனைத் தீர்மானம் நிறைவேறியது. குலசேகரன் யாருக்கோ போன் பேசுவது போல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

முழங்கால் வலி காரணமாகச் செயலாளர் பதவியிலிருந்து விலகினேன். உண்மையில் முழங்கால் வலி கோமளாவுக்கு. அவளைப் புதிய செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 11, புதன்

போன மாதம் ஒன்பதாம் தேதி படியில் கேட்ட குரலைப் பற்றி எழுதிய வரிகளை அடித்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

மண் பரிசோதனைக்காரர்கள் முக்காலி மாதிரி இரும்புச் சட்டம் நட்டுத் துளை போட்டார்கள். மேலே செம்மண், கட்டட இடிபாடு. அதற்குக் கீழே கறுப்பும் சாம்பலுமாகக் களிமண் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஏரி நாற்றம். குழாயிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் தன் எடையிலேயே மெல்லச் சரிந்தது. நான் ஒரு விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

முனியம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். "எங்க மாமனார் இங்க கெளுத்தி பிடிப்பாரு" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அஸ்திவாரத் தூண்கள் களிமண்ணைக் கடந்து கெட்டித் தரை வரை போயிருக்கின்றன. கட்டடம் புதையாது. ஆனால் களிமண் ஆட்டிவைப்பதை யாரும் நிறுத்த முடியாது. கார் தளத்தில் பில்லர்களுக்கு நடுவே சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். அதனால் ஆறு கார்களுக்கு இடம் போகும்.

இதுவரை உயிர் பயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது கார் பயத்தில் இருக்கிறார்கள். "உயிர் போகறப்ப போகட்டும்மா, என் காரை எங்க விடறது?" என்று இரண்டாம் மாடிக்காரர் கோமளாவிடம் சண்டைக்கு வந்தார். "தெருவுல விடுங்க. காருக்கு ஒண்ணும் ஆகாது, குட்டையாத்தானே இருக்கு" என்றாள்.

குலசேகரன் விளம்பரத்தை மாற்றிவிட்டார். 'நிலநடுக்கத்தையே தாங்கிய, மண் பரிசோதனை செய்யப்பட்ட, வலுவான வீடு.' விலையையும் ஏற்றியிருக்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று ஒத்திகை. ஜுலைகா சொல்லிக்கொடுக்க, கோமளா நடத்தினாள். மணி அடித்ததும் முதலில் மேசைக்கடியில் உட்கார்ந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகே இறங்க வேண்டும், ஓடக் கூடாது. மாடிக்கு ஒருவர் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக வர வேண்டும். அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். ஏழாம் மாடி: தணிகாசலம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மணி அடித்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவுகளைத் தட்டினேன். இரண்டு வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். கடைசி வீட்டில் ரங்கபாஷ்யம் என்ற பெரியவர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். ஞாயிறு என்பதால் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வரவில்லை. வெகுநேரம் தட்டிய பிறகு கதவைத் திறந்தார்.

"ஒத்திகை சார், கீழே வரணும்" என்று கத்தினேன்.

"பல்லு இல்லாம வர மாட்டேன்" என்றார்.

பல் செட்டைத் தேடினோம். குளியலறையில் இல்லை, தலையணைக்கடியில் இல்லை. கீழே கூட்டம் கூடிவிட்ட சத்தம் கேட்டது. பிறகு கை தட்டினார்கள். பிறகு காபி கொடுக்கும் சத்தம். நான் இறங்கிவிட்டு யாரையாவது அனுப்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வாசல் வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தால் பெரியவர் கட்டிலுக்கடியில் குனிந்தபடி, "நீ இருக்கியா, போயிட்டியாப்பா?" என்றார்.

"இருக்கேன் சார்" என்றேன்.

பல் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது.

லிப்ட்டில் போகக் கூடாது என்பது விதி. அவர் ஒரு படி இறங்குவார், நிற்பார், எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று ஒரு கதை சொல்வார், அடுத்த படி இறங்குவார். முதல் மாடியை அடைந்தபோது கீழே பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள்.

கடைசித் திருப்பத்தில் பார்த்தேன். படிக்குக் கீழே வெயிலில் கோமளா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி ஏறி வந்தாள், அந்த முழங்காலோடு. பெரியவரின் இன்னொரு கையைப் பிடித்தாள்.

"மெதுவாக் கூட்டிட்டு வாங்க. அவர் வேட்டி காலுல தடுக்குது பாருங்க" என்றாள்.

என்னிடம்தான் சொன்னாள். குனிந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.